மொழி பிடிபடுவது சாப்பாட்டு மேஜையில்

ஒரு நாட்டுக்குப் போய்ச் சில மாதம் இருந்துவிட்டால் அந்த நாட்டு மொழி தானாக வந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். கட்டணம் கட்டி அனுப்பும் பெற்றோரின் நம்பிக்கையும் அதுதான். ஆனால் ஸ்பானிஷ் மொழி கற்பதற்காக அமெரிக்காவிலிருந்து ஸ்பெயினுக்குப் போய், நான்கு மாத காலம் அங்குள்ள குடும்பங்களோடு தங்கிப் படிக்கும் கல்லூரி மாணவர்களின் அனுபவம் வேறு பாடத்தைச் சொல்கிறது. நாடு மொழியைத் தந்துவிடுவதில்லை. பொறுமையாகக் காது கொடுக்கும் ஒரு வீடுதான் தருகிறது.

இந்த ஏற்பாடு நேற்று முளைத்ததல்ல. 1923-ல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகம் 8 மாணவர்களை ஒரு பேராசிரியரோடு பிரான்சுக்குக் கப்பலேற்றியது. அவர்கள் பிரெஞ்சுக் குடும்பங்களில் தங்கிப் படித்தார்கள். அங்கே படித்தது சொந்தக் கல்லூரியின் கணக்கிலும் சேர்ந்தது. பிற்காலத்தில் அதே முறை ஸ்பெயினுக்கும் பரவியது. அங்கே இதற்குப் பெயர்பெற்ற ஊர் சாலமாங்கா. அவ்வூர்ப் பல்கலைக்கழகம் 1218-ல் தோன்றியது. 1492-ல் ஸ்பானிஷ் மொழிக்கு இலக்கணம் அச்சிட்ட நெப்ரிஹா அங்கே படித்தவர். பின்னர் பாடமும் சொன்னவர். வெளிநாட்டாருக்கென்று தனி வகுப்புகள் 1929 முதல் அங்கே நடந்து வருகின்றன.

ஓஹியோ மாநிலத்திலிருந்து அங்கு வந்து சேரும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். பள்ளியில் நான்கு ஆண்டு ஸ்பானிஷ் படித்தவள். வினைச்சொற்களை வாய்ப்பாடு போல் ஒப்பிப்பாள். ஆனால் கதவைத் திறக்கும் வீட்டுக்கார அம்மாள் மூச்சு விடாமல் பேசத் தொடங்கியதும், படித்தது எதுவும் கைகொடுப்பதில்லை. பெட்டியை எங்கே வைப்பது என்று கேட்கக்கூட நாக்கு எழவில்லை.

வீட்டு ஒழுங்கும் புதிது. வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்தால் அம்மாள் கண்டிப்பார். சளி பிடிக்கும், செருப்பைப் போடு என்பார். வாசலில் செருப்பைக் கழற்றிப் பழகிய நம்மவருக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். பகல் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல். இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல். மெக்சிகோவில் சோள ரொட்டிக்குப் பெயரான 'தோர்த்தியா', இங்கே உருளைக்கிழங்கு போட்ட கனமான முட்டை அடையாக வந்து நிற்கிறது.

மொழியின் இடர்ப்பாடுகளும் இந்த மேஜையில்தான் வெளிப்படுகின்றன. ஆங்கிலத்தில் எவரையும் ஒரே சொல்லால் அழைத்துவிடலாம். ஸ்பானிஷில் நம் 'நீ', 'நீங்கள்' போல 'தூ' என்றும் 'உஸ்தெத்' என்றும் இரண்டு உண்டு. அம்மாளிடம் எதைச் சொல்வது, அவருடைய வயதான தாயாரிடம் எதைச் சொல்வது என்பதைப் புத்தகம் ஓரளவுக்கே சொல்லும். மேற்கொண்டு அந்த வீட்டார் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 'பெரோ' என்றால் 'ஆனால்'. 'பெறோ' என்றால் நாய். அரத்துக்கும் அறத்துக்கும் உள்ள வேறுபாடு அறிந்த தமிழருக்கு இது எளிது. ஓஹியோப் பெண்ணின் நாக்குக்கு இது மாதக் கணக்கான வேலை. கூச்சமாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து, ஆங்கில ஒலியை நம்பி 'எம்பராஸாதா' என்று சொல்லிவிட்டால், 'கர்ப்பமாக இருக்கிறேன்' என்று பொருளாகிவிடும். மேஜையே சிரிக்கும். ஆனால் அந்தச் சொல்லை அவள் ஆயுளுக்கும் மறக்கமாட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் ஸ்பானியர் எழுந்துவிடுவதில்லை. தட்டுகள் காலியான பிறகும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அதற்கென்றே 'சோப்ரமேசா' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அம்மாள் விலைவாசியைப் பேசுவார், பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்வார், பிறகு, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திரும்பிக் கேட்பார். பதில் சொல்லியாக வேண்டும். தப்பாகச் சொன்னால் சரியாகச் சொல்லிக் காட்டுவார். மதிப்பெண் போடமாட்டார். வகுப்பில் நாற்பது நிமிடத்தில் ஒரு மாணவிக்கு இரண்டு வாக்கியம் பேச வாய்ப்புக் கிடைத்தால் அதிகம். இங்கே ஒவ்வோர் இரவும் கிடைக்கிறது.

ஆனால் இந்த வாய்ப்பைக் கைநழுவ விடுவதும் எளிது. சக மாணவர்கள் ஒன்றுகூடினால் ஆங்கிலம். கைப்பேசியை எடுத்தால் ஓஹியோவிலுள்ள தாயாரோடு ஆங்கிலம். அறைக் கதவைச் சாத்திக்கொண்டால் ஆங்கிலப் படம். பார்பரா ஃப்ரீட் முதலிய மூவர் 2004-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிரெஞ்சு கற்ற அமெரிக்க மாணவர்களை ஒப்பிட்டார்கள். பிரான்சுக்கே போய்ப் படித்தவர்களைவிட, உள்நாட்டிலேயே பிரெஞ்சைத் தவிர வேறு பேசாத முகாமில் இருந்தவர்கள் சரளத்தில் அதிகம் முன்னேறியிருந்தார்கள். பிரான்சுக்குப் போனவர்கள் வகுப்புக்கு வெளியே பிரெஞ்சைவிட ஆங்கிலத்தையே அதிகம் பேசியிருந்தார்கள் என்பது தெரிய வந்தது. சிறிய ஆய்வுதான், என்றாலும் எச்சரிக்கை பெரியது. அமெரிக்காவின் மிடில்பரிக் கல்லூரி, கோடைக்கால மொழிப் பள்ளிக்கு வருவோரிடம் கற்கும் மொழியைத் தவிர வேறு பேசுவதில்லை என்று உறுதிமொழி வாங்குவது இதனால்தான்.

ஆகவே, மாணவர்களை அனுப்பும் கல்லூரிகள் வகுப்பறையைவிட வீட்டைத் தேர்ந்தெடுப்பதில் அதிக அக்கறை காட்ட வேண்டும். ஒரு வீட்டில் ஒரே நாட்டு மாணவர் இருவரைச் சேர்த்து வைப்பது சிக்கனமாகத் தோன்றலாம். அதனால் மேஜையில் ஆங்கிலமே ஓங்கும். வீட்டுக்கார அம்மாளுக்குச் சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் பணம் தருகிறார்கள். அவர் செய்வது ஆசிரியர் வேலையும்கூட என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே ஸ்பெயினின் தெற்கே, அல்மேரியாவில் பிளாஸ்டிக் கூரையிட்ட காய்கறித் தோட்டங்களில் மொராக்கோ நாட்டுத் தொழிலாளர் வேலை செய்கிறார்கள். அவர்களும் ஸ்பானிஷ் கற்க வேண்டியவர்கள்தான். ஸ்பானிஷ் பேசும் நாடுகளிலிருந்து வந்தவர்கள் நீங்கலாக, ஸ்பெயினில் குடியுரிமை கோருவோர் 2015 முதல் பொதுவாக மொழித் தேர்வில் தேற வேண்டும். மாணவிக்கு மொழி வந்தால் பட்டத்துக்கு ஒரு படி ஏறும். தொழிலாளிக்கு அதுவே வாழ்வுரிமை. ஆனால் அவரை மேஜையில் உட்காரவைத்து, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்க யார் இருக்கிறார்கள்? பகலெல்லாம் சொந்த நாட்டாரோடு வேலை. இரவில் அவர்களோடே தங்கல். காதில் விழும் ஸ்பானிஷ் பெரும்பாலும் மேஸ்திரியின் கட்டளைதான்.

பிழைப்புக்காக வேற்று மொழி ஊருக்கு வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இருபது ஆண்டு ஒரே தெருவில் இருந்தும் உள்ளூர் மொழியில் நாலு வார்த்தைக்கு மேல் போகாதவர்களையும், வந்த ஆறே மாதத்தில் பேரம் பேசி, வாதாடி, நியாயமும் கேட்பவர்களையும் பார்க்கிறோம். வேறுபாடு பெரும்பாலும் புத்தியில் இல்லை. பின்னவருக்கு உள்ளூர்க்காரர் யாரோ ஒருவர் திண்ணையில் இடம் கொடுத்திருப்பார்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஸ்பெயினின் கத்தலோனியாப் பகுதியில் 2003 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. கத்தலான் மொழி நன்கு பேசும் ஒருவரும் கற்க விரும்பும் ஒருவரும் வாரம் ஒரு மணி நேரம் சந்தித்துப் பேசுகிறார்கள். பத்து மணி நேரம்தான் கணக்கு. கட்டணம் இல்லை, பாடப்புத்தகமும் தேவையில்லை. மொழி தெரியாதவர்கள் குவிந்து வேலை செய்யும் எந்த நகரத்திலும் சங்கங்களும் பள்ளிகளும் இதைச் செய்யலாம். கற்க வருபவரும் தன் பங்குக்குக் கூச்சத்தை விட்டு, கைப்பேசியை எடுத்து வைத்துவிட்டு உட்கார வேண்டும்; தப்பாகப் பேசவும் துணிய வேண்டும்.

பணம் உள்ள மாணவிக்கு நான்கு மாதம் கிடைக்கும் அந்த மேஜை, உழைக்க வந்தவனுக்கு வாரம் ஒரு மணி நேரமாவது கிடைக்க வேண்டாமா?