மருத்துவச் செலவு மீதான வீண்பழி

மருத்துவச் செலவும் கரிம உமிழ்வும் சேர்ந்தே ஏறுகின்றன, ஆகவே செலவுதான் குற்றவாளி என்னும் வாதம், இரண்டையும் ஏற்றிவிடும் வருமான வளர்ச்சியைக் கண்டுகொள்வதே இல்லை. பணம் எதை வாங்குகிறது என்பதல்லவா கேள்வி? டெஸ்ஃப்ளூரேன் என்னும் மயக்க மருந்து, நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 2,500 மடங்கு புவியைச் சூடாக்கும். ஸ்காட்லாந்து 2023-இல் அதைக் கைவிட்டது; செவோஃப்ளூரேன் போன்ற மாற்று மருந்துகளோடு அறுவை சிகிச்சைகள் தொடர்கின்றன.

மருத்துவமனைக் கூரையில் சூரியத் தகடு பதித்தால் போதும் என்போரும் பாதிக் கணக்கையே, அதுவும் சிறிய பாதியையே, பார்க்கிறார்கள். இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவையின் உமிழ்வில் பெரும்பங்கு மின்கட்டணத்தில் இல்லை. மருந்து, கருவி முதலான பொருள்களின் கொள்முதலில் இருக்கிறது. அவற்றைச் செய்யும் தொழிற்சாலைகளுக்குப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் போய்ச் சேராதவரை, மருத்துவமனைக் கூரை மட்டும் கணக்கை நேர்செய்யாது.