மாலை மழைக்கு ஒரு கணக்கு, விடியல் மழைக்கு ஒரு கணக்கு



மழையைப் பற்றி நம் மக்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "நினைத்தால் பெய்கிறது, நினைத்தால் நிற்கிறது" என்பார்கள். அதே வாயால் "அந்தி மழை அழுதாலும் விடாது" என்றும் சொல்வார்கள். இரண்டாவது பேச்சில்தான் அனுபவம் இருக்கிறது. மழைக்கு நேரம் உண்டு. வரும் வழியும் உண்டு. நம் பேராக் மாநிலத்தில் அது எப்போது, எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் கூலிக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.

முதலில் காற்றைப் பார்ப்போம். உலர்ந்த காற்றை நூறு பங்காக வைத்துக் கொண்டால் 78 பங்கு நைட்ரஜன், 21 பங்கு பிராணவாயு. மிச்சமிருக்கும் ஒரு பங்கில் ஆர்கான், கரியமில வாயு முதலியவை அடங்கும். இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத நீராவியும் கலந்திருக்கிறது. மழைக்கு மூலதனம் அந்த நீராவிதான்.

வெயில் பெரும்பாலும் காற்றை நேரே சுடுவதில்லை. தரையைச் சுடுகிறது, தரை தன்மேல் உள்ள காற்றைச் சுடுகிறது. சூடேறிய காற்று இலேசாகி மேலே எழும்பும். மேலே போகப் போகக் குளிர்ச்சி. 1,000 மீட்டர் உயர்ந்தால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். தாப்பாவில் வியர்வையோடு பஸ் ஏறியவர் தானா ராத்தாவில் இறங்கியதும் கம்பளிச் சட்டையைத் தேடுவது இதனால்தான். உலை கொதிக்கும்போது மூடியைத் தூக்கிப் பாருங்கள்; அடியில் நீர் முத்து முத்தாய் நிற்கும். மேலே போன நீராவியும் அப்படித்தான் குளிர்ந்து, காற்றில் மிதக்கும் தூசியைப் பற்றிக்கொண்டு சிறு துளிகளாகிறது. அந்தத் துளிகளின் கூட்டமே மேகம்.

இனி மாலை மழையின் கணக்கு. காலை வெயிலில் நிலம் சீக்கிரம் சுடுகிறது. கடல் மெதுவாகவே சுடுகிறது. நிலத்துக் காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வருகிறது. வந்த காற்று மலையில் முட்டினால் இன்னும் மேலே ஏற வேண்டியதுதான். காலையில் பஞ்சுப் பொதி போலிருந்த மேகம் நண்பகலில் காலிபிளவர் பூப்போல உப்பும். பிற்பகலில் அதன் உச்சி கொல்லன் பட்டறைக்கல் போலத் தட்டையாக விரிந்தால், அதுதான் இடிமேகம். 2,183 மீட்டர் உயரமுள்ள நம் கோர்பு மலையைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல் அது வளரக்கூடும்.

தைப்பிங் நகரம் இதற்குச் சாட்சி. மேற்கே கடல், கிழக்கே முதுகோடு முதுகாய்ப் புக்கிட் லாருட் மலை. ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை அங்கே கொட்டுகிறது. கடலோரச் சமவெளியில் இருக்கும் சித்தியவானுக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. மலை செய்யும் வேலை அது.

விடியல் மழையின் கணக்கு வேறு. ஏறக்குறைய ஏப்ரல் முதல் நவம்பர் வரை சில நாள்களில், இருட்டோடு இருட்டாக மேற்கிலிருந்து பெருங்காற்று வீசி மழை அடிக்கும். இதற்குச் சுமத்ரா காற்று என்று பெயர். இரவில் கடலைவிட நிலம் சீக்கிரம் குளிர்கிறது. சுமத்ராவிலிருந்தும் நம் கரையிலிருந்தும் குளிர்ந்த காற்று மலாக்கா நீரிணைக்கு இறங்கி, அங்குள்ள வெதுவெதுப்பான காற்றை மேலே தள்ளுகிறது. மேகங்கள் வரிசை கட்டுகின்றன. தென்மேற்குக் காற்று அந்த வரிசையை நம் பக்கம் தள்ளிவிடுகிறது.

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. கிளந்தானையும் திரங்கானுவையும் வெள்ளக்காடாக்கும் அந்தக் காற்றைத் தித்திவங்சா மலைத்தொடர் நமக்காகப் பெரும்பாலும் தடுத்து நிற்கிறது. நமக்குப் பெருமழை இரண்டு பருவங்களுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபரை ஒட்டியும்தான். ஊரில் ஐப்பசி அடைமழை என்பார்களே, அதே மாதத்தில் இங்கேயும் மழைதான். ஆனால் கொண்டுவரும் காற்று வேறு.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இந்த இரண்டு மழையில் எது பொல்லாதது என்று சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் காற்று குளிர்ந்து ஈரமாக இருப்பதால் இலை வழியே நீர் அதிகம் போகாது. மரத்துக்குள் அழுத்தம் மிகுந்து பால் நன்றாக ஓடும். அதற்காகவே இருட்டில் எழுந்து நிரைக்குப் போனோம். அந்த நேரம் பார்த்துச் சுமத்ரா காற்று மழையைக் கொண்டுவந்தால் பட்டை நனையும், பால் வெட்டுவாயை விட்டு வழியும், மங்கில் தண்ணீர் நிறையும். வெட்டு இல்லையென்றால் பல தோட்டங்களில் அன்றைய கூலியும் இல்லை.

இன்று ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகவும் தாமான்களாகவும் மாறிவிட்டன. கூலிக் கவலை மாறியிருக்கலாம், மின்னல் மாறவில்லை. உலகில் இடிமழை மிகுந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. ஆகவே இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்கும்வரை எத்தனை விநாடியோ, அதை மூன்றால் வகுத்தால் மின்னல் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் என்று தெரியும். 30 விநாடிக்குள் இடி கேட்டால் ஆபத்து எல்லைக்குள் இருக்கிறீர்கள். உடனே சுவரும் கூரையும் உள்ள கட்டடத்துக்கோ, கண்ணாடி ஏற்றிய காருக்கோ போய்விடுங்கள். மரத்தடி வேண்டாம், மரத்தில் இறங்கும் மின்சாரம் பக்கத்தில் நிற்பவர் மேலும் தாவும். திடலில் பந்தாட்டம் வேண்டாம். செம்பனைக் குலை வெட்டும் அலுமினியக் கழியைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்குங்கள். மோட்டார் சைக்கிளும் சுவரில்லாத பஸ் நிறுத்தமும் பாதுகாப்பல்ல. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள்.

ஒருவரை மின்னல் தாக்கிவிட்டால், தொட்டால் நமக்கும் பாயும் என்று அஞ்சி நிற்காதீர்கள். அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. உடனே 999-ஐ அழையுங்கள். மூச்சில்லையென்றால், உதவி வரும்வரை நடு மார்பை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டே இருங்கள். அப்படிச் செய்து பிழைத்தவர்கள் உண்டு.

நாளை பிற்பகல் கிழக்கே மலைப்பக்கம் பாருங்கள். மேகத்தின் உச்சி பட்டறைக்கல்லாக விரிந்திருந்தால், துணியை எடுக்கும் முன் பிள்ளைகளைத் திடலிலிருந்து கூப்பிடுங்கள்.