பேட்டரியின் மேல் சூடு வைக்காதீர்கள்



பழைய கருவியைத் தூக்கி எறிய மனம் வராமல் தாமே திறந்து சரிசெய்து பார்ப்பவர்கள்மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அந்த உரிமையில்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு, 1999இல் ஜப்பானில் வெளியான போக்கிமான் கோல்டு, சில்வர் கேம் பாய் விளையாட்டுகளின் கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு பட்டன் பேட்டரி இருக்கிறது. பெயர் சிஆர்2025, 20 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், 3 வோல்ட். ஆடியவர் சேமித்து வைத்த ஆட்டத்தைக் காப்பதும், விளையாட்டுக்குள் இரவு பகலை நடத்தும் கடிகாரத்தை ஓட்டுவதும் அதுதான். தீர்ந்துபோனால் புதிதை வைத்து சால்டர் அடித்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் அந்த வில்லைக்குள் இருப்பது லித்தியம் உலோகம். ஏறக்குறைய 180 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கூடவே தீப்பற்றக்கூடிய திரவமும் உண்டு. மேல்மூடியும் கீழ்க்கிண்ணமும் ஒன்றையொன்று தொடாமல் காப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் வளையம். சால்டரிங் அயர்ன் முனையின் சூடோ 300, 350 டிகிரி. பேட்டரியின் எஃகு மேற்பரப்பில் ஈயம் லேசில் பிடிக்காது. பிடிக்கவில்லையே என்று இன்னும் சற்று அழுத்துவோம். சூடு உள்ளே இறங்கும். வளையம் இளகினால் கசியும். உள்ளே ஷார்ட் ஆனால் வெடிக்கவும் கூடும். குனிந்த முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நடக்கிற வேலை இது. பல நேரம் ஒன்றும் ஆவதில்லை என்பதுதான் என் பெரிய கவலை. தப்பித்துப் பழகியவருக்குத் தயக்கம் போய்விடுகிறது.

தொழிற்சாலைகளில் இதைச் சால்டர் அடிப்பதில்லை. நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங்கில் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒட்டிவிடுகிறார்கள். சூடு பரவ நேரமே இல்லை. அப்படிப் பட்டை வைத்தே விற்கும் பேட்டரியைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பட்டையின் நுனியை மட்டும் போர்டில் சால்டர் செய்யுங்கள். பிளஸ், மைனஸ் மாறிவிடக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். பழையதைக் கழற்றினால் மிச்சமிருக்கும் சேமிப்பும் அழியும் என்பதால் அதை முன்கூட்டியே பிரதி எடுத்துக்கொள்வது நல்லது.

கழற்றிய பேட்டரியை மேசையில் விட்டு எழுந்துவிடாதீர்கள். சிறு குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும். இரு பக்கமும் டேப் ஒட்டி, எட்டாத இடத்தில் வைத்து, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்