நீர் வரும் வழியே ஒரு பிரயாணம்

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வசிக்கும் குடும்பங்கள் விடுமுறை நாள் வந்ததும் காரை எடுத்துக்கொண்டு, நகரத்து நெரிசல் முழுவதையும் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைந்து, அங்கேயும் சுங்கச்சாவடி வரிசையில் நின்று, மாலையில் களைத்துத் திரும்புவதைக் காணும்போதெல்லாம், இவர்கள் தங்கள் வாசலிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டிருந்தால் ஒரு மணி நேரத்திற்குள் நெல்வயல்களின் நடுவே இருந்திருப்பார்களே என்ற ஆதங்கம் எனக்கு உண்டாகிறது. அழகான சாலை என்றால் மலை வேண்டும், இல்லாவிட்டால் கடலாவது வேண்டும் என்ற எண்ணம் நம் மனத்தில் வேரூன்றிவிட்டது. தொண்டை மண்டலத்தின் இந்தப் பகுதியில் உயர்ந்த மலையும் இல்லை, வற்றாத நதியும் இல்லை. மழைநீரைத் தேக்கி வைத்த ஏரிகளும், அவற்றின் கரைகளில் வரிசையாக நிற்கும் பனைகளும், கலங்கல்களும், மதகுகளும், அணைக்கட்டுகளுமே இதன் சௌந்தரியம். ஆகையால், இங்கே உல்லாசப் பிரயாணத்திற்கு வழி தேர்ந்தெடுப்பவர்கள், கைப்பேசியின் வரைபடம் காட்டும் விரைவான பாதையை ஒதுக்கிவிட்டு, தங்கள் வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் வந்த மார்க்கத்தை எதிர்த்திசையில் தொடர்ந்து போக வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஆவடியிலிருந்து திருவள்ளூருக்குப் போகிறவர்கள் சாதாரணமாகப் பட்டாபிராம், திருநின்றவூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையையே பிடிக்கிறார்கள். மனத்திலேயே சிவனுக்குக் கோயில் எழுப்பிய பூசலார் நாயனாரின் ஊர் என்ற மகிமை திருநின்றவூருக்கு உண்டென்றாலும், பஸ்களும் லாரிகளும் ஆட்டோக்களும் முட்டிமோதும் அந்தச் சாலையில் வாகனம் ஓட்டுவது சந்தோஷமான காரியமல்ல. வெள்ளானூர் வழியாக வடக்கே சென்று தாமரைப்பாக்கத்தை அடைந்தால் கொசஸ்தலை ஆறு எதிர்ப்படுகிறது. அங்கிருந்து மேற்கே திரும்பித் திருவள்ளூரைத் தொட்டுப் பூண்டிக்குப் போவது சற்றுச் சுற்றுவழிதான். ஆனால் விடுமுறை நாளில் அவ்வளவு அவசரம் யாருக்கு?

பூண்டி நீர்த்தேக்கத்தின் கரையில் அரை நாளாவது தங்கவேண்டும். சென்னை நகரத்தின் மேயராக இருந்த சத்தியமூர்த்தி, நகரத்தின் தாகத்தைத் தீர்க்கவேண்டும் என்று பெருமுயற்சி எடுத்து இந்த அணைக்கு வழிவகுத்தார். 1944-ல் வேலை முடிந்தபோது அதைக் காண அவர் இல்லை, அதற்கு முந்தைய ஆண்டிலேயே காலமாகிவிட்டார். இன்று அது அவர் பெயரால் சத்தியமூர்த்தி சாகர் என்று வழங்குகிறது. கிருஷ்ணா நதியின் தண்ணீர் ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியே ஓடிவந்து, ஊத்துக்கோட்டைக்கு அருகே தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைந்து, இந்தப் பூண்டியில்தான் சேர்கிறது. 1996-ல் முதன்முதலாக அந்தத் தண்ணீர் வந்தது. இவ்வளவு தூரம் பிரயாணம் செய்து வரும் நீரைத் தினந்தோறும் குடித்துக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகள், அதை ஒரு முறையாவது பிரத்தியட்சமாகப் பார்க்க வேண்டாமா?

பூண்டியின் விசேஷம் நீரோடு முடிவதில்லை. நீர்த்தேக்கத்திற்கு அப்பால் அல்லிக்குழிக் குன்றுகளும் குடியம் குகைகளும் இருக்கின்றன. அவற்றுக்கு அருகே அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1863-ஆம் ஆண்டு பல்லாவரத்தில் ஆதிமனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியல் அறிஞர், அதே ஆண்டில் வில்லியம் கிங் என்பவரோடு இங்கே வந்து இன்னும் அத்தகைய கருவிகளைக் கண்டார். அண்மைக் காலத்தில் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் அகழ்ந்து ஆராய்ந்து, இங்குள்ள கோடரிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் வெளியிட்டார்கள். அம்பத்தூரிலிருந்து காலையில் புறப்பட்டு மதியச் சாப்பாட்டிற்கு முன் அடையக்கூடிய தூரத்தில் இத்தனை தொன்மையான மனித வாசஸ்தலம் கிடக்க, அதை அறியாமல் நாம் எங்கெங்கோ அலைகிறோம். பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்லாமல் திரும்பக் கூடாது.

திரும்பும்போது வந்த வழியே வர வேண்டாம். ஊத்துக்கோட்டைக்குப் போய், ஆரணி ஆற்றங்கரையில் பவானி அம்மன் எழுந்தருளியிருக்கும் பெரியபாளையத்தைத் தரிசித்து, வெங்கல் வழியாகத் தாமரைப்பாக்கம் வந்து சேர்வது சிலாக்கியம். ஆடி மாதத்தில் மட்டும் பெரியபாளையத்துச் சாலையில் பக்தர்களின் கூட்டம் பெருகும். அப்போது காட்சிக்காகப் போகிறவர்கள் விலகியிருப்பதே மரியாதை.

பூந்தமல்லிக்காரர்களுக்கு இதைவிடச் சரித்திரம் செறிந்த வழி ஒன்று உண்டு. திருக்கச்சி நம்பிகள் பூந்தமல்லியில் நந்தவனம் வைத்து, பூக்களைத் தொடுத்து, காஞ்சிபுரத்து வரதராஜனுக்கு நடந்தே கொண்டுபோனார் என்பது வைணவர்களின் ஐதிகம். அவர் நடந்த திசையில் இன்று கன்டெய்னர் லாரிகள் ஓடும் பெங்களூர் நெடுஞ்சாலையில் தண்டலம் வரை போய், அங்கே வலப்புறம் திரும்பிவிட்டால், மப்பேடு, பேரம்பாக்கம் என்று ஊர்களின் வழியாகத் தக்கோலம் வரை செல்லலாம். வழியில் கூவம் என்றொரு கிராமம். சென்னைவாசிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் அந்த நதிக்குப் பெயர் கொடுத்த ஊர் அதுதான். திருவிற்கோலம் என்று பாடல்பெற்ற சிவஸ்தலமும் அங்கே இருக்கிறது. வயல்களின் நடுவே அந்த ஆற்றைக் கண்டவர்கள், நகரத்திற்குள் அதற்கு நாம் செய்த அநியாயத்தின் முழு அளவையும் உணர்வார்கள். தக்கோலமோ, 949-ல் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோடு நடந்த போரில், பராந்தக சோழனின் மைந்தன் ராஜாதித்தன் யானைமீதிருந்தபடியே வீழ்ந்த பூமி.

புறப்படும் காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரிகள் நிரம்பியிருக்கும் மார்கழியும் தையுமே உத்தமமான மாதங்கள். மேற்குப் புறநகர்வாசிகளுக்கு இயற்கையே ஓர் அனுகூலம் செய்திருக்கிறது: காலையில் மேற்கே போகும்போதும் மாலையில் கிழக்கே திரும்பும்போதும் சூரியன் முதுகுப்பக்கமே இருப்பதால், கண் கூசாமல் காட்சிகளைப் பார்க்கலாம். சம்பா அறுவடையின்போது சில இடங்களில் விவசாயிகள் சாலையிலேயே நெல்லைக் காயப் போட்டிருப்பார்கள். ஒலிப்பானை அலறவிடாமல், ஒதுங்கி மெதுவாகப் போக வேண்டும். களம் இல்லாமல் அல்லவா அவர்கள் சாலைக்கு வருகிறார்கள்!

இந்த வழிகள் எத்தனை நாள் இப்படியே இருக்கும் என்ற கவலை எனக்குப் பெரிதாக இருக்கிறது. மனைப்பிரிவு விளம்பரப் பலகைகள் ஆண்டுக்கு ஆண்டு மேற்கே நகர்ந்துகொண்டே போகின்றன. சாலை விரிவாக்கம் என்றால் முதலில் கோடரி விழுவது ஓரத்துப் புளியமரங்களின் மீதுதான். விரிவாக்கமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; தாமரைப்பாக்கத்து மாணவர்களுக்கும் நோயாளிகளுக்கும் நல்ல சாலை அவசியம். ஆனால் இருபுறமும் மரங்களை வெட்டி அகலப்படுத்துவதற்குப் பதிலாக, ஒரு புறத்து மரவரிசையை அப்படியே சாலையின் நடுத்திட்டாக வைத்துக்கொண்டு, புதிய தடத்தை அதற்கு அப்பால் போடலாம். நிலம் கூடுதலாக வேண்டியிருக்கும், செலவும் ஏறும். நாற்பது ஐம்பது ஆண்டுகள் வளர்ந்த நிழலை எந்த ஒப்பந்தக்காரராலும் ஒரே ஆண்டில் தர முடியாது என்பதை மதிப்பீட்டுத் தாளில் ஒரு கணக்காகச் சேர்த்துவிட்டு, நெடுஞ்சாலைத் துறை அடுத்த திட்டத்தைத் தயாரிக்கட்டும்.