வெளிச்சத்துக்கு விலை இல்லை!



நான் கவிதை எழுதத் தெரியாதவன். எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் மனசில் பட்டதை நேராகவே சொல்லி விடுகிறேன். தப்பு இருந்தா சீனியர்கள் மன்னிக்கணும்.

போன வருஷம் நம்ம நோட்டீஸ் போர்டில் ஓர் இயற்கைக் காட்சி புகைப்படப் போட்டி அறிவிப்பு ஒட்டியிருந்தது ஞாபகம் இருக்கா? 'செல்போன் படங்கள் ஏற்கப்பட மாட்டா' என்று கடைசி வரியில் போட்டிருந்தார்கள். அன்னைக்கு ஆரம்பிச்சது நம்ம ஹாஸ்டலில் காமிரா காய்ச்சல். மிரர்லெஸ் வாங்கலாமா, பழைய டிஎஸ்எல்ஆர் போதுமா, தவணையில் கிடைக்குமா... ராத்திரி பூரா இதே பேச்சு. நானும் வீட்டுக்குப் போய் வாயை விட்டுட்டேன். ஒரு காமிரா 60,000 ரூபாய்க்கு மேல் என்றேன். அப்பா ஒண்ணும் பேசலை. அம்மா மட்டும் காதுத் தோட்டைக் கழற்றி என் கையில் வைச்சாங்க. "அடகு வைச்சு வாங்கிக்கோ மக்கா, படிப்புக்குத்தானே?" என்றார்கள்.

நண்பர்களே, அது படிப்புக்கு இல்லை. அது எனக்குத் தெரியும். அம்மாவுக்குத்தான் தெரியாது.

அன்னைக்குச் சாயங்காலம் மனசு சரியில்லாமல் அப்பா வேலை பார்க்கிற உப்பளத்துக்குப் போனேன். தூத்துக்குடிப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் பாத்தி பாத்தியாகத் தண்ணி, வரப்பு மேல் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல். செப்டம்பர் கடைசி அது. தலைக்கு மேலே மேகம் கறுத்துக்கிட்டு வந்தது. நான் என் பழைய செல்போனில் நாலு படம் எடுத்தேன். எல்லாம் சாம்பல் பூசின மாதிரி வந்தது. "போன் சரியில்லை" என்று கிளம்பினேன்.

அப்பா தடுத்தார். "ஏல, அவசரப்படாத. மேக்கே அடிவானம் வெளுத்திருக்கு பாரு. பொழுது அடையறதுக்குள்ள அந்த இடுக்குல சூரியன் எட்டிப் பார்க்கும். கால் மணி நேரம் பொறு" என்றார்.

பொறுத்தேன். அவர் சொன்னபடியே சூரியன் மேகத்துக்கு அடியில் வந்தது. கறுத்த வானத்துக்குக் கீழே உப்புக் குவியல் எல்லாம் பொன் நிறம்! பாத்தித் தண்ணியில் அந்த வானமே தலைகீழாக! அதே போன், அதே இடம், அதே நான். மாறினது வெளிச்சம் மட்டும்தான்.

இதில் மந்திரம் ஒண்ணும் இல்லை. சூரியன் தாழ இருக்கும்போது அதன் ஒளி அதிக தூரம் காற்றைக் கடந்து வருகிறது. நீலம் வழியிலேயே சிதறிப் போய், சிவப்பும் மஞ்சளும்தான் நமக்கு மிஞ்சுது. நம்ம பிசிக்ஸ் பாடம்தானே இது? பரீட்சையில் எழுதினோம், வானத்தில் பார்த்தோமா?

புதுக் காமிரா வீண் என்று நான் சொல்ல வரலை. பெரிய சென்சார் அதிக ஒளியை வாங்கும். இருட்டில் புள்ளி புள்ளியாக இரைச்சல் அவ்வளவாக வராது. பெரிசாக அச்சடிச்சாலும் உடையாது. எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற நான் இதை மறுத்தால் வாத்தியார் அடிப்பார். ஆனா உச்சி வெயிலில் எடுத்த படத்தைச் சாயங்காலப் படமாக மாற்ற எந்த சென்சாராலும் முடியாது.

அமெரிக்காவில் ஆன்சல் ஆடம்ஸ் என்று ஒரு மேதை. 1941இல் நியூ மெக்சிகோவில் ஒரு சின்ன ஊர் மேலே நிலா எழும்புவதைக் கண்டு வண்டியை நிறுத்தினார். ஒளி அளக்கும் மீட்டர் கைக்குக் கிடைக்கலை. நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்தே கணக்குப் போட்டு ஒரே ஒரு படம் எடுத்தார். அடுத்ததுக்குள் வெளிச்சம் போயிடுச்சு. உலகப் புகழ் பெற்ற படம் அது. அவரிடம் பெரிய காமிரா இருந்தது உண்மை. அந்த நிமிஷம் கை கொடுத்தது படிப்பு!

எனக்குத் தெரிஞ்ச சின்ன விஷயங்களையும் சொல்லிடறேன். உப்பு, வெண்மணல் மாதிரி வெள்ளையைப் படம் எடுத்தால் காமிரா அதைச் சாம்பலாக்கிடும். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்க. ஏசி அறையிலிருந்து புழுக்கத்துக்குள் போனால் லென்ஸ் வேர்க்கும். காமிராவை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்து, சூடு சமமான பிறகு எடுங்க. கடல் காற்றில் நின்றால் வீட்டுக்கு வந்ததும் துடைங்க. இடிச் சத்தம் கேட்டால் வெட்டவெளியில் நிற்காதீங்க. எந்தப் படமும் உயிரைவிடப் பெரிசில்லை.

இன்னொண்ணு. அதுதான் முக்கியமானது. அந்தப் பொன் நிறப் படத்தை அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. இந்த மேகம் பெஞ்சிருந்தா நாளைக்கு வேலை இல்லை" என்றார்.

சுருக்குன்னு இருந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தை நான் மறந்தா போனேன்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை! எங்க அப்பா வாரிக் குவிச்ச உப்பும் கரைஞ்சுதான் போச்சு. நமக்கு அழகாகத் தெரிகிற மேகம் இன்னொருத்தருக்குக் கூலி இல்லாத நாள். வெளியில் படம் எடுக்கப் போகிறவன், அந்த இடத்தில் உழைக்கிறவரிடம் நாலு வார்த்தை பேசணும். வானிலையை அவரைவிட நல்லாச் சொல்லித் தர ஆள் கிடையாது. நம்ம வீடுகளில்தான் அப்படிப்பட்டவங்க எத்தனை பேர்! விவசாயி, மீனவர், கொத்தனார்... இவங்களைக் கேட்டோமா நாம்?

நம்ம மாணவர் மன்றத்துக்கு என் கோரிக்கை இரண்டு. ஒன்று, நம்ம போட்டியிலாவது காமிராவைப் பார்க்காமல் படத்தைப் பாருங்க. இரண்டு, மன்ற நிதியில் ஒரே ஒரு காமிரா வாங்கி, நூலகப் புத்தகம் மாதிரி முறை வைத்து எல்லோருக்கும் கொடுங்க. நூறு வீட்டில் நூறு தோடு அடகுக்குப் போவதைவிட அது மேல் இல்லையா?

அம்மாவின் தோடு இப்போ அம்மா காதில்தான் இருக்கு. நான் இன்னும் அதே பழைய போனோடு உப்பளத்து வரப்பில் காத்துக்கிட்டிருக்கேன். வரீங்களா நண்பர்களே? வானம் எல்லோருக்கும் பொது!

– இரண்டாம் ஆண்டு, எலக்ட்ரானிக்ஸ் மாணவன்