ஆடித் தீர்க்க வேண்டியதை எண்ணித் தீர்க்கலாமா?

2019 ஜூலை 14 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்து எடுத்தது 241 ரன். இங்கிலாந்தும் அதே 241. சமநிலையை முறிக்க ஆளுக்கு ஆறு பந்து ஆடிய சூப்பர் ஓவரிலும் தலா 15. கோப்பை யாருக்கு என்பதை முடிவு செய்தது பவுண்டரிக் கணக்கு: இங்கிலாந்து 26, நியூசிலாந்து 17. நான்கும் ஆறும் ஏற்கெனவே ஸ்கோரில் சேர்ந்துவிட்டவை. அவற்றை மீண்டும் எண்ணுவது, ஒரே வாக்குச்சீட்டை இருமுறை எண்ணுவது போன்றது. பந்தை எல்லைக்கோட்டுக்கு அனுப்பியது குறைவு என்றால், நியூசிலாந்து வீரர்கள் ஓடிச் சேர்த்தது அதிகம் என்றுதானே பொருள்? ஓடியவனுக்கு ஏன் தண்டனை? இழந்த விக்கெட்டைப் பார்த்திருந்தால் கோப்பை கைமாறியிருக்கும். நியூசிலாந்து இழந்தது 8, இங்கிலாந்து 10. எதை எண்ணுவது என்பதே வெற்றியாளரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. அதைத் தேர்ந்தெடுப்பவர்களோ களத்தில் இறங்காதவர்கள்.

விதி முன்கூட்டியே இரு அணிகளுக்கும் தெரிந்ததுதானே என்பார்கள். உண்மை, இங்கிலாந்து எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் அறிவித்துவிட்டதாலேயே ஒரு விதி நியாயமாகிவிடாது. 1999 உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் தலா 213 எடுத்து நின்றபோது, அதற்கு முந்தைய சுற்றான சூப்பர் சிக்ஸின் பட்டியலில் மேலே இருந்ததற்காக ஆஸ்திரேலியா முன்னேறியது. அதுவும் எல்லோருக்கும் தெரிந்த விதிதான். சூப்பர் ஓவரின் ஆறு பந்தில் முடிவு காண்பது மட்டும் குருட்டு அதிர்ஷ்டம் இல்லையா என்ற கேள்வியில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனாலும் அங்கே பந்து வீசப்படுகிறது, மட்டை சுழல்கிறது; தோற்றவர் ஆடித் தோற்கிறார். ஆளில்லாத ஸ்டம்பைக் குறிவைத்து எறிந்து 2007 டர்பனில் இந்தியா பாகிஸ்தானை வென்ற பவுல்-அவுட்டைவிட அது எவ்வளவோ மேல் (நாம் வென்றதால் அதை யாரும் குறை சொல்லவில்லை).

சமநிலை நீடிக்கும்வரை சூப்பர் ஓவர் மேல் சூப்பர் ஓவராக ஆடிக்கொண்டிருந்தால் எப்போது முடியும் என்ற கவலைக்கு 2024 ஜனவரியில் பெங்களூரு பதில் சொன்னது. இந்தியாவும் ஆப்கானிஸ்தானும் தலா 212, முதல் சூப்பர் ஓவரில் தலா 16; இரண்டாவதில் இந்தியா வென்றது. 2019 அக்டோபரில் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐசிசி) திருத்திய விதியின் பாதையும் இதுதான்: அரையிறுதியிலும் இறுதியிலும் ஓர் அணி முந்தும்வரை சூப்பர் ஓவர் தொடரும். மழையோ இருளோ குறுக்கிட்டால் கோப்பையைப் பகிர்ந்துகொள்ளலாம். 2002 சாம்பியன்ஸ் டிராபியை இந்தியாவும் இலங்கையும் அப்படித்தான் பகிர்ந்துகொண்டன. பவுண்டரிக் கணக்குக்கு எந்தப் போட்டியின் விதிப் புத்தகத்திலும் இனி இடமிருக்கக் கூடாது.