தில்லித் தூசியும் மேசைக் கணினியும்

மேசைக் கணினியை ஆண்டுக்கு ஒருமுறை தூசி தட்டினால் போதும் என்ற பொது அறிவுரை தில்லிக்குப் பொருந்தாது. மே, ஜூன் மாதங்களில் ராஜஸ்தான் பக்கமிருந்து புழுதிக்காற்று வருகிறது; கட்டுமானத் தூசி ஆண்டு முழுவதும் அடங்குவதில்லை; நவம்பரில் புகைமூட்டம். காற்றில் பிஎம்10 துகள்களுக்கு இந்தியா 2009இல் வகுத்த ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். தில்லி அதைப் பல மடங்கு தாண்டுகிறது. இந்த நுண்தூசி ஹீட்சிங்க் தகடுகளுக்கிடையே படிந்து காற்றோட்டத்தை அடைப்பதால் பிராசசர் சூடேறி, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஆகவே இங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்வதே முறை. கணினியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, எஞ்சிய மின்சாரம் வடிய பவர் பட்டனைச் சில விநாடி அழுத்த வேண்டும். மூக்கை மூடிக்கொண்டு பால்கனியில் திறப்பது நல்லது. குளிர்கால வறண்ட காற்றில் நிலைமின்சாரம் எளிதில் சேரும். உள்ளே கைவைக்குமுன் பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொடுவது அவசியம். மின்விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு, அழுத்தக் காற்றை விட்டுவிட்டு அடிக்க வேண்டும். வேகமாகச் சுழலவிட்டால் அதன் பேரிங் கெடலாம். காற்று டப்பாவைச் சாய்த்தால் உறைகுளிர்த் திரவம் பீறிடும். வீட்டு வேக்கம் கிளீனர் நிலைமின்சாரத்தை உண்டாக்கும், ஈரத்துணி துருவேற்றும். இரண்டும் அறவே வேண்டாம். பவர் சப்ளை பெட்டியை ஒருபோதும் பிரிக்கக் கூடாது: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். அதற்கு வெளியிலிருந்து ஊதுவதே போதும்.